நூலைப் பல்லில் கடித்திருப்பவள்

அழகு நிலையத்தைப் பற்றி நம் பெண்கள் இரண்டு விதமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். ஒன்று, காசு கொடுத்தவளின் பேச்சு. "ஒரு புருவம் மேல, ஒரு புருவம் கீழ எடுத்து வெச்சிருக்கா. ஃபேஷியல் பண்ணின மூணாம் நாள் முகமெல்லாம் பொரிப்பொரியா வந்துடுச்சு. முன்னாடி இருந்த பொண்ணு நல்லா செய்வா, இப்ப இருக்கறது தண்டம்." இன்னொன்று, பெண்ணியம் படித்தவளின் பேச்சு. பியூட்டி பார்லர் ஆணாதிக்கத்தின் கிளை அலுவலகம், ஆணின் கண்ணுக்காகப் பெண்ணுடலைச் செதுக்கித் தரும் பட்டறை, அங்கே போகிறவள் தன் அடிமைத்தனத்துக்குத் தானே கட்டணம் செலுத்துகிறவள். முதல் பேச்சு கல்யாண மண்டபத்திலும் மெட்ரோ ரயிலிலும் நடக்கிறது. இரண்டாவது, கருத்தரங்க மேடையில். ஒரே பெண் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் பேசுவதும் உண்டு.

இரண்டு பேச்சிலும் ஒருத்தியைக் காணோம். காசு கொடுத்தவளின் பேச்சில் அவள் குற்றவாளியாக மட்டும் வந்து போகிறாள். படித்தவளின் பேச்சில் அதுவும் இல்லை. அங்கே இருப்பது ஒரு பெண்முகமும் அதைப் பார்க்கிற ஆணும்தான். அந்த முகத்தின் மேல் குனிந்து நிற்கிற பெண் கணக்கில் வருவதில்லை. அவளை விட்டுவிட்டு அழகைப் பற்றிப் பேசுகிற பெண்ணியம் பாதிப் பெண்ணியம் என்பது என் வழக்கு. அவளுடைய கூலியும் நாற்காலியும் சரியாகாத வரை நம் முகத்தின் மீது விழுகிற அவமானமும் ஓயாது என்பது அந்த வழக்கின் மறுபாதி.

அசோக் நகரில் பல வருடங்களாக ஒரே பார்லருக்குப் போகிறவள் நான். அவென்யூ ஒன்றில் மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடி. கண்ணாடிக் கதவில் 'பெண்களுக்கு மட்டும்' என்ற எழுத்து. மூன்று நாற்காலிகள், ஃபேஷியலுக்கு ஒரு கட்டில், திரைக்குப் பின்னால் வாக்ஸிங். உரிமையாளர் ஒருவர், வேலை செய்பவர்கள் நால்வர். ஜாபர்கான்பேட்டையிலிருந்தும் எம்.ஜி.ஆர். நகரிலிருந்தும் இருவர் நடந்தே வந்துவிடுகிறார்கள். ஒருத்தி பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வருகிறாள். ஒருத்திக்கு மணிப்பூர். பேருக்குத்தான் காலை பத்து மணிக்கு வேலை. கூட்டிப் பெருக்கி, துண்டு துவைத்து, மெழுகு காய்ச்சி வைக்க ஒன்பதரைக்கே வந்தாக வேண்டும். இரவு எட்டரை வரை நிற்க வேண்டும். நாற்காலிகள் எங்களுக்கு. அவர்களுக்கென்று இருந்தது மாவரைக்கும் கிரைண்டருக்குப் பக்கத்தில் போடுவது மாதிரி ஒரே ஒரு பிளாஸ்டிக் முக்காலி. அதன் மேலும் துண்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள்.

புருவம் எடுப்பதை ஒருமுறை கண்ணைத் திறந்து பாருங்கள். நூலின் ஒரு முனை அவள் பல்லிடுக்கில் இருக்கிறது. நடுவில் முறுக்கு. மறுமுனை இரண்டு கைவிரல்களிலும் ஓடுகிறது. விரல்கள் விரிய விரிய முறுக்கு நகர்ந்து ஒவ்வொரு முடியாகக் கவ்வி எடுக்கிறது. தலையும் கழுத்தும் அந்தத் தாளத்துக்கு ஆடுகின்றன. கண்ணுக்கு அரை விரல் தூரத்தில் நடக்கிற வேலை இது. இமைத் தோலை நாமே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பல்லில் நூலோடு "அக்கா, டைட்டா புடிச்சிக்கோங்க" என்கிறாள். பிடி தளர்ந்தால் நூல் தோலைக் கிள்ளிவிடும். இரண்டு பெண்களின் நான்கு கைகள் சேர்ந்தால்தான் ஒரு புருவம் அமைகிறது. இதற்கு ஐந்து நிமிடம், ஐம்பது ரூபாய். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு எடுத்தேன் என்று ஒருத்தி சொன்னாள். "நைட்டு சோறு மெல்ல முடியலக்கா, தாடை புடிச்சிக்கிச்சி" என்றாள். முன்பல்லில் நூல் அறுத்த கோடு விழுந்திருந்தது. பெண்ணுடல் அரசியல் என்று நாம் எழுதிக் குவித்த பக்கங்களில் இந்தப் பல் எங்கேயாவது இருக்கிறதா?

சில வருடங்களுக்கு முன் நகரக் கல்லூரி ஒன்றில் பெண்ணும் அழகும் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். பேச்சாளர் பார்லர்களைக் கிழித்துத் தோரணம் கட்டினார். கேள்வி நேரத்தில் இளங்கலை மாணவி ஒருத்தி எழுந்தாள். "மேடம், எங்கம்மா பார்லர்லதான் வேலை செய்யறாங்க. அந்தக் காசுலதான் நான் படிக்கறேன். எங்கம்மா செய்யறது ஆணாதிக்கத்துக்கான வேலையா?" என்று கேட்டாள். அவள் குரலில் கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். "அறியாமல் செய்கிறார்கள்" என்றார் பேச்சாளர். அரங்கம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. அந்தப் பெண் உட்கார்ந்தாள்.

அந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

பெண்ணின் முடியில் அரசியல் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ் படித்த எவளும் சொல்ல முடியாது. கூந்தல் களைந்த, வளை நீக்கிய கைம்பெண்களைப் புறநானூற்றிலேயே பார்க்கிறோம். கணவன் இருந்தால் பூ, இறந்தால் மழிப்பு என்று பெண்ணின் தலையை ஊர் அறிவிப்புப் பலகையாக வைத்திருந்த சமூகம் இது. பெண்கள் முடியைக் கத்தரித்துக்கொள்ளட்டும், ஆண்களைப் போல உடுத்தட்டும் என்று பெரியார் சொன்னபோது அவர் தொட்டது இந்த நரம்பைத்தான். அழகு என்ற பெயரில் பெண் மீது சுமத்தப்படும் கூடுதல் வேலையை, கூடுதல் செலவை, கூடுதல் வெட்கத்தை எதிர்க்கிற மரபு நம்முடையது. அதை ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் முடியின் அரசியலில் கத்தி பிடித்தவனுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1890இல் பம்பாய் நாவிதர்கள் கூடி, இனி விதவைகளின் தலையை மழிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். முன்னின்றவர் ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகண்டே. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டியவரும் அவரே. விதவை மழிப்பு கொடுமை என்று மேடையில் பேசியவர்கள் பலர் இருந்தார்கள். மழிக்கிற கை மறுத்தபோதுதான் அந்தக் கொடுமைக்கு ஆள் கிடைக்காமல் போகும் நிலை வந்தது. அந்த நாவிதர்களைப் பார்த்து யாரும் 'அறியாமல் செய்கிறார்கள்' என்று சொல்லிவிட்டு நகரவில்லை. அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அதனால்தான் வேலைநிறுத்தம் என்ற ஒன்று நடந்தது.

பார்லரைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம். தாலிபான்களோ அதன் கதவுகளையே மூடினார்கள். 2023 ஜூலையில் ஒரு மாதக் கெடு கொடுத்து ஆப்கானிஸ்தானின் அழகு நிலையங்களை எல்லாம் மூடச் சொன்னார்கள். அறுபதாயிரம் பெண்களின் வேலை போகும் என்று அந்நாட்டுப் பெண் தொழில்முனைவோர் அமைப்பு கணக்கிட்டது. காபூல் தெருவில் பெண்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், வானத்தை நோக்கிச் சுட்டார்கள். பள்ளி மூடி, பல்கலைக்கழகம் மூடி, பூங்கா மூடிய பிறகு ஆண் இல்லாத அறை என்று அந்தப் பெண்களுக்கு எஞ்சியிருந்தது பார்லர்தான். அங்கே பெண் சம்பாதித்தாள், பெண்ணோடு பெண் பேசினாள். ஆணின் கண்ணுக்காக மட்டும் நடக்கிற இடமாக இருந்திருந்தால் ஆணாட்சி அதை ஏன் இழுத்து மூட வேண்டும்? அசோக் நகர் மாடியிலும் அந்த அறையைப் பார்க்கிறேன். மாமியாரைப் பற்றி, கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றி, அடகு வைத்த வளையலைப் பற்றி அங்கே பேசப்படுவது வேறெங்கும் பேசப்படுவதில்லை.

இதைச் சொல்லி பார்லரைக் கோயிலாக்க எனக்கு விருப்பமில்லை. வாடிக்கையாளராக எனக்கும் புகார்கள் உண்டு. அவற்றில் பெரியது நிறம் பற்றியது. நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் தொடங்குகிறது. "ரொம்ப டேன் ஆயிருக்கு மேடம். டீ-டேன் போட்டுடலாமா? ஒரு ப்ளீச் பண்ணா பளிச்னு ஆயிடும். மேல் உதடும் எடுத்துடலாமா?" புருவத்துக்குப் போனவளுக்கு நிறம், மீசை, முகவாய், கருவளையம், வெடித்த குதிகால் என்று குறைகளின் பட்டியல் வாசிக்கப்படுகிறது. பட்டியலைக் கேட்டு முடிப்பதற்குள் மனசு சுருங்கிவிடும். பிறந்த நிறத்தை வெயிலில் வந்த கறை என்று சொல்கிற துணிச்சல் சாதாரணமானதல்ல. கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே இந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டு, பஸ் பாஸுக்கு வைத்திருந்த காசில் ப்ளீச் செய்துகொண்டு வந்த மாணவிகளைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பட்டியலை எழுதியது யார்? நூலைக் கடித்து நிற்கிற பெண்ணா? அவளும் என் நிறம்தான், சில சமயம் என்னைவிடக் கறுப்பு. 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. 1998இல் சென்னை நிறுவனமான கெவின்கேர் குங்குமப்பூ பெயரைச் சொல்லி ஃபேரெவர் கொண்டுவந்தது. கறுப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது என்று விளம்பரங்கள் பல ஆண்டுகள் நம் வீட்டுக்குள் வந்து சொல்லின. இதே சென்னையில் இயங்கும் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009இல் 'கறுப்பும் அழகே' என்ற பொருளில் ஒரு இயக்கம் தொடங்கி அதை எதிர்த்தது. உலகெங்கும் நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்த 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. பெயரை மாற்றிய கம்பெனிக்கு அறிவு வந்துவிட்டதாக எழுதினார்கள். 'டேன் ஆயிருக்கு' என்று சொல்கிற பெண்ணுக்கு மட்டும் அறிவு வரவில்லை என்று நாம் கோபித்துக்கொள்கிறோம்.

அவள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் அவளுடைய சம்பளச் சீட்டில் இருக்கிறது, அப்படியொரு சீட்டு இருந்தால். மாதச் சம்பளம் வாடகைக்கும் பஸ்ஸுக்கும் சரியாகிவிடுகிறது. மீதிக் குடும்பம் ஓடுவது கமிஷனில். புருவத்துக்குக் கமிஷன் இல்லை. ஃபேஷியலுக்கு உண்டு, ப்ளீச்சுக்கு உண்டு, விற்கிற ஒவ்வொரு களிம்புக்கும் உண்டு. மாதத்துக்கு இவ்வளவு என்று இலக்கு வேறு. என் முகத்தில் குறை கண்டுபிடித்தால்தான் அவள் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க முடியும் என்று ஒரு கணக்கை யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள். நான் அவமானப்படுவதும் அவள் குறைந்த கூலிக்கு நிற்பதும் அந்த ஒரே கணக்கின் இரண்டு வரிகள். இதைப் பார்க்காமல் அவளோடு சண்டை போட்டால் கம்பெனிக்கு லாபம்.

அந்தக் களிம்புகள் என்ன செய்யும் என்பதும் இப்போது மூடுமந்திரம் இல்லை. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த ஒரு வகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு நோயின் அரிய வடிவம் ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் தோலை வெளுப்பாக்கும் களிம்பு பூசியவர்கள். இத்தகைய களிம்புகளில் கலக்கப்படும் பாதரசம் தோல் வழியாக உடலுக்குள் போகிறது. வாடிக்கையாளர் அதை வாரம் ஒருமுறை முகத்தில் பூசிக்கொள்கிறார். பூசிவிடுகிறவள் தினமும் பத்து முகத்துக்குத் தன் விரலால் தேய்க்கிறாள். டப்பாவில் லேபிள் இருக்கிறதா, உரிமம் எண் இருக்கிறதா என்று கேட்க வேண்டியது நம் இருவருக்குமே உயிர் விஷயம்.

இனி புகார் போகும் வழியைப் பார்ப்போம். ஒரு சனிக்கிழமை மாலை என் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணி, புருவம் மெலிந்துவிட்டதென்று கத்தினார். "இவளுக்கெல்லாம் யார் வேலை குடுத்தது?" என்று உரிமையாளரிடம் கேட்டார். உரிமையாளர் அவரிடம் காசு வாங்கவில்லை. நூல் பிடித்த பெண்ணுக்கு அந்த மாதம் ஒரு நாள் சம்பளம் பிடிக்கப்பட்டது. ஐம்பது ரூபாய் வேலைக்கு ஒரு நாள் கூலி அபராதம். இரண்டு வாரத்தில் புருவம் வளர்ந்துவிடும். போன கூலி வளராது. நான் உரிமையாளரிடம் கேட்டேன். "கஸ்டமர் போயிட்டா நாலு பேர்கிட்ட சொல்லுவாங்க டீச்சர், நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கட்டட வாடகை, கணவர் பெயரில் வாங்கிய கடன், நூறடி ரோட்டில் கண்ணாடி மாளிகையாகத் திறந்திருக்கும் பெரிய சலூன்களின் தள்ளுபடி எல்லாம் அவர் கழுத்திலும் இருக்கிறது. ஆனால் மேலே இருந்து வருகிற பாரத்தை எல்லாம் கடைசியில் ஒரே தோளில் இறக்குவதற்குப் பெயர் வியாபாரச் சிரமம் மட்டும் அல்ல.

மாடிப் பார்லரில் வாய்வார்த்தையாக நடப்பதைச் செயலிகள் எந்திரமாக்கிவிட்டன. வீட்டுக்கே வந்து செய்கிற பெண்ணுக்கு நாம் நட்சத்திரம் போடுகிறோம். நட்சத்திரம் குறைந்தால் அவளுக்கு அழைப்பு வராது, அடையாளக் கணக்கே முடக்கப்படலாம். 2021 அக்டோபரில் குருகிராமில் அர்பன் கம்பெனி அலுவலகத்தின் முன் அழகுக்கலைப் பெண்கள் நூறு பேருக்கு மேல் திரண்டார்கள். கமிஷன் பிடித்தத்தையும் இந்த மதிப்பெண் முறையையும் எதிர்த்தார்கள். டிசம்பரில் மறுபடி திரண்டபோது, தடை கேட்டு நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. நாம் சோபாவில் சாய்ந்தபடி விரலால் தட்டுகிற நட்சத்திரம் ஒரு பெண்ணின் சோற்றில் கை வைக்கிறது. ஐந்தில் மூன்று போடுவதற்கு முன் அவளிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்ல முடியாத அளவுக்கா நாம் ஊமைகள்?

இந்த உழைப்பு ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டால் சாதியைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது. பிறர் உடலைத் தொட்டுச் செய்யும் வேலையை நம் சமூகம் நாவிதர் தலையிலும் வண்ணார் தலையிலும் கட்டிவைத்தது. நாவிதர் வீட்டுப் பெண்கள் ஊருக்கே பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள். ஊர்ப் பிள்ளையைக் கையில் ஏந்தியவளை ஊர் திண்ணைக்கு மேல் ஏற்றவில்லை. இந்தத் தொழில் நகரத்துக்கு வந்து ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டபோது ஒரு விசித்திரம் நடந்தது. சலூன் என்ற சொல்லில் சாதி ஒட்டிக்கொண்டது, பார்லர் என்ற சொல்லில் ஒட்டவில்லை. இதனால் எந்தச் சாதிப் பெண்ணும் பார்லர் திறக்க முடிந்தது. நல்லதுதான். ஆனால் திறப்பவளுக்கும் கால் கழுவுபவளுக்கும் இடையில் பழைய கோடு அப்படியே கிடக்கிறது. பெடிக்யூர் தொட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள், கல்லாவில் இருப்பவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

மொழியும் இதில் கூட்டுதான். பழந்தமிழில் வண்ணமகள் என்று ஒரு சொல் உண்டு. பிற பெண்களுக்குக் கோலம் செய்துவிடுகிறவள் என்று பொருள். அலங்கரிக்கப்பட்ட பெண்ணை அடிமுதல் முடிவரை பாட நம் காப்பியங்களுக்கு நூற்றுக்கணக்கான வரிகள் இருந்தன. அலங்கரித்தவளுக்குக் கிடைத்தது அகராதியில் ஒரு வரி. அந்த வரியைத் தூசு தட்டி எடுத்து நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பெயர் இல்லாத உழைப்புக்குக் கூலி கேட்பது கடினம்.

காசு குவிகிற இடத்தில் மட்டும் இதே வேலை ஆணின் கலையாகிவிடுவதையும் கவனியுங்கள். எங்கள் அசோக் நகரைத் தாண்டினால் வடபழனி, கோடம்பாக்கம். ஸ்டூடியோக்களில் ஒப்பனை என்றாலே ஆண் என்றுதான் பல தலைமுறைகள் இருந்தன. மும்பையில் இதைச் சங்க விதியாகவே எழுதி வைத்திருந்தார்கள். சினிமாவில் பெண் சிகையலங்காரம் செய்யலாம், முக ஒப்பனைக்கு அட்டை கிடையாது. சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் வழக்குப் போட்டார். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று தள்ளியது. பத்து மணி நேரம் நின்று ஐம்பது ரூபாய்க்குப் புருவம் எடுப்பது பெண்ணுக்கு இயல்பான வேலை, நட்சத்திரத்தின் முகத்துக்குப் பவுடர் போடுவது ஆணின் திறமை என்று அத்தனை வருடம் சொன்னவர்களுக்கு நாம் சொல்ல வேண்டிய பதில், இரண்டுமே திறமை என்பது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் அழகுக்கலை ஒரு வருடப் படிப்பு. படித்துச் சான்றிதழ் வாங்கி வந்தவளை 'ஏம்மா, இங்க வா' என்று கூப்பிடுகிற வாய், பல் மருத்துவரை அப்படிக் கூப்பிடுமா?

சட்டம் எங்கே இருக்கிறது? ஒரு இடத்தில் இருக்கிறது. கோழிக்கோட்டில் தையல்காரரான பி. விஜியும் அவருடைய பெண்கூட்டு அமைப்பும் கடைகளில் நின்றே வேலை செய்யும் பெண்களுக்காகப் போராடி, 2018இல் கேரளத்தில் உட்காரும் உரிமையைச் சட்டமாக்க வைத்தார்கள். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்வதற்கு எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்கிறது அது. அங்காடித் தெரு படம் வந்து பதினோரு வருடம் கழித்து ரங்கநாதன் தெருவுக்கு ஒரு நாற்காலி வந்தது. அந்தச் சட்டம் துணிக்கடைக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. சேவை செய்கிற இடமும் அதில் அடக்கம். எங்கள் மாடிக்கு அந்த நாற்காலி இன்னும் ஏறவில்லை.

மற்றச் சட்டங்கள் பத்து என்ற எண்ணில் நின்றுவிடுகின்றன. பத்துப் பேர் வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ. பத்துப் பேர் இருந்தால் மகப்பேறு விடுப்பு. பத்துப் பேர் இருந்தால் பாலியல் தொல்லையை விசாரிக்க உள்குழு. தெருவுக்குத் தெரு இருக்கும் பார்லர்களில் மூவர், நால்வர், ஐவர். ஆகவே இவர்கள் கர்ப்பமானால் வேலை போய்விடும். நரம்பு சுருண்டு கால் வீங்கினால் சொந்தச் செலவு. தமிழ்நாட்டில் முடிதிருத்துவோருக்கு நல வாரியம் உண்டு. எங்கள் பார்லரின் நால்வரில் ஒருவரிடமும் அந்த அட்டை இல்லை. அப்படி ஒன்று இருக்கிறதென்றே இருவருக்குத் தெரியாது. 2025 செப்டம்பரில் அழகு நிலையச் சேவைகள் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தபோது, வாடிக்கையாளருக்கு எவ்வளவு மிச்சம் என்று விலாவாரியாகக் கணக்குப் போட்டார்கள். குறைந்ததில் ஒரு பங்கு நின்றுகொண்டிருப்பவளின் கூலிக்கு வருமா என்ற கேள்வி என் காதில் விழவில்லை.

நான் கேட்பது இவைதான். வாடிக்கையாளர்களே, தொகைப் பட்டியலைப் பார்க்கும்போது இருக்கையையும் பாருங்கள். "நீ எதுல உக்காருவ?" என்று ஒருமுறை சத்தமாகக் கேளுங்கள், கல்லாவுக்குக் கேட்கிற மாதிரி. டிப்ஸை மேசையில் வைக்காமல் அவள் கையில் கொடுங்கள். புகார் இருந்தால், நிறத்தைப் பற்றிப் பேசச் சொல்லி இலக்கு வைக்காதீர்கள் என்று உரிமையாளரிடம் சொல்லுங்கள். இங்கே வேலை செய்பவரின் கமிஷனை நிறுத்திவிட்டு சம்பளத்தை உயர்த்தினால் ஐம்பதுக்கு எழுபது தருகிறேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்ல மனமில்லாதவர் நியாயம் பேச வேண்டாம். எங்கள் பார்லரில் ஐந்தாறு பேர் சேர்ந்து இப்படிக் கேட்ட பிறகு துண்டுகள் அலமாரிக்குப் போயின, முக்காலி காலியானது, இன்னொன்றும் வந்தது. கமிஷன் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை எங்களைப் போன்ற வாடிக்கையாளர் தயவால் மாற்ற முடியாது. அதற்குச் சங்கம் வேண்டும், ஆய்வாளர் படியேறி வர வேண்டும், நல வாரிய அட்டையை அரசு இவர்களைத் தேடிவந்து கொடுக்க வேண்டும்.

பெண்ணியம் எழுதுகிறவர்களே, புருவம் எடுப்பதா வேண்டாமா என்ற விவாதத்தை இன்னும் நூறு கருத்தரங்கில் நடத்துங்கள். மேடையில் ஒரு நாற்காலியை நூல் பிடிக்கும் பெண்ணுக்கும் போடுங்கள். பம்பாய் நாவிதர்கள் கத்தியைக் கீழே வைத்தது போல, 'வெளுப்பாக்கும் களிம்பை இனி விற்க மாட்டோம்' என்று இவர்கள் ஒருநாள் சொல்ல முடியும். அடுத்த வேளைச் சோற்றுக்குப் பயமில்லாதபோதுதான் அதைச் சொல்ல முடியும். அந்தப் பயத்தைப் போக்குவது நம் அழகுக் கோட்பாட்டுக்கு வெளியே இருக்கிற வேலை என்று நினைப்பவர்கள், கோட்பாட்டை இன்னொரு முறை படித்துப் பார்க்கட்டும்.

அரங்கில் எழுந்து கேட்ட அந்த மாணவிக்கு யாராவது நேராகப் பதில் சொல்ல வேண்டும். உன் அம்மா ஆணாதிக்கத்துக்கு வேலை செய்யவில்லை, பெண்ணே. ஒரு முதலாளிக்கு வேலை செய்கிறார், அதுவும் குறைந்த கூலிக்கு. கண்ணுக்கு அரை விரல் தூரத்தில் நூல் ஓட்டியும் ஒரு கண்ணுக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்கிற கைத்திறன் அவருடையது. கல்லூரி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் அழகுக்கலைத் தொழிலாளி என்று முழுதாக எழுது. பிறகு அம்மாவோடு வேலை செய்யும் நான்கு பேரின் பெயரையும் வாங்கிக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போ. மனு எழுதத் தமிழ் வேண்டுமென்றால் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.